அந்தமான் பூங்காவில் ஆறு மாத வேலை: வந்து மூன்று வாரம்தான், திரும்பிவிடலாமா?

முள்ளுக்கத்தரி | நவம்பர் 24, இரவு 7:40

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்துக்காரன், வயது 24. இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போனவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கே பேச ஆள் இல்லை.

இந்த மாதம் முதல் வாரத்தில் அந்தமான் வந்தேன். போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் பஸ்ஸில் ஒருத்தரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை) முப்பது கிலோமீட்டருக்குள் வண்டூர். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் படகு ஏறும் ஜெட்டி அங்கேதான். ஜாலி பாய் தீவு திறந்திருக்கிற சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் ஒருவன் சொல்ல, ஒரு கான்ட்ராக்டர் மூலமாக வந்து சேர்ந்தேன். சம்பளம் 16,000, தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு என்று பேச்சு. வேலை என்னவென்றால் காலையில் பயணிகளின் பையைப் பார்த்து பிளாஸ்டிக் எதுவும் படகில் ஏறாமல் தடுப்பது, அப்புறம் கூடவே போய் யாரும் பவளத்தை மிதிக்காமல் கத்திக்கொண்டே இருப்பது, மதியத்துக்கு மேல் எண்ணிப் பார்த்துத் திரும்ப ஏற்றி வருவது. திங்கள் விடுமுறை. வேலையில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றதெல்லாம்தான் குறை. கப்பலில் பங்க் வகுப்பில் மூன்று ராத்திரி, முதல் நாளே குடல் வெளியே வந்துவிட்டது. ஆம்பூரில் ஆசையாக வாங்கிய தோல் ஷூ பத்தே நாளில் பச்சைப் பூஞ்சணம் பிடித்து வெல்வெட் மாதிரி ஆகிவிட்டது. மணல் ஈ கடித்து இரண்டு காலும் அம்மை போட்டது போல. அக்னி நட்சத்திரத்தில் மாடியில் படுத்தவன்தானே என்று தைரியமாக வந்தேன், ஆனால் நம் ஊர் வெயில் காய வைக்கும், இது வேக வைக்கிறது, துவைத்த சட்டை மூன்று நாளானாலும் ஈரம். கூட இருக்கிறவருக்கு வங்காளி மட்டும் தெரியும், கொஞ்சம் இந்தி. எனக்கு இரண்டும் தெரியாது. தென்னை ஓலை சத்தம், தகரக் கூரையில் மழை. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அதற்குமேல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதுதான் வேலை.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியும், மாமா வீட்டுக் கிணற்றில் லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கற்றது. ஆனால் கிணற்றில் நாலு பக்கமும் சுவர் இருக்கும். கடலில் பிடிக்க எதுவும் இல்லை.

மே வரைக்கும் தாங்குமா, இல்லை டிசம்பர் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிடட்டுமா?

கோட்டை_அகழி | நவம்பர் 24, இரவு 8:02

சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் வேலூரைக் கிண்டல் செய்த காலம் ஒன்று உண்டு. 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வைத்தபின் முதல் குறை தீர்ந்தது. உனக்குப் பார், தண்ணீரும் கிடைத்தது மரமும் கிடைத்தது, இன்னும் என்ன நைனா வேண்டும்? நம் ஊரிலும் பெரிய ஜெயில், நீ போன ஊரிலும் பெரிய ஜெயில், அந்த வகையில் ஊர் மாறவே இல்லை என்று நினைத்துக்கொள்.

கிண்டல்தான், கோபித்துக்கொள்ளாதே. விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

டுங்கி_பேரன் | நவம்பர் 24, இரவு 9:15

தம்பி, நான் போர்ட் பிளேரில் பிறந்தவன். தாத்தா போளூர் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கே தமிழ் ஆள் இல்லை என்று நினைத்துவிடாதே. 2011 கணக்கெடுப்பில் வங்காளி, இந்திக்கு அடுத்தபடி நம் மொழிதான், நூற்றுக்குப் பதினைந்து பேர். திங்கட்கிழமை விடுமுறை என்றால் காலை பஸ் பிடித்து டவுனுக்கு வா, வெற்றிமலை முருகன் கோவில் வாசலில் நின்று தமிழில் ஒரு தும்மல் போடு, நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மணல் ஈக்கு ஒரே வைத்தியம், கடித்தபின் அல்ல, கடிக்கும் முன். முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் நன்றாக வழிய வழியப் பூசு. அது ஒட்டிக்கொள்ளும், கடிக்க முடியாது. விடியற்காலையும் சாயங்காலமும் ஈர மணலில், கரை ஒதுங்கிய மரக்கட்டை மேல் உட்காராதே. பயணிகள் அந்தக் கட்டையில் உட்கார்ந்துதான் போட்டோ எடுப்பார்கள், அது அவர்கள் தலையெழுத்து.

தோல் ஷூவைக் கடுதாசியில் சுற்றி பெட்டியில் போட்டுவிடு, ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். இங்கே ரப்பர் செருப்பு, பவளப் பக்கம் தண்ணீரில் இறங்கினால் கட்டி ரப்பர் அடி வைத்த ஷூ. கல்மீன் என்று ஒன்று கல் மாதிரியே கிடக்கும், மிதித்தால் வலி உயிர் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வண்டூர் கடற்கரையில் வலை கட்டி முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். பக்கத்திலேயே லோகாபாரக் உப்புநீர் முதலைச் சரணாலயம். ஓடை கடலில் கலக்கும் இடத்தில், இருட்டியபின், தனியாக, இந்த மூன்றில் ஒன்றுகூட வேண்டாம்.

அப்புறம் டவுனிலிருந்து வரும் வழியில் சிப்பிகாட்டில் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்குமே, கவனித்தாயா? ஏரி என்று நினைத்திருப்பாய். 2004 சுனாமி நாள் வரைக்கும் அது நெல் வயல். பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது, கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. வடக்கே நேர்மாறு, தரை உயர்ந்து பவளப் பாறை வெளியே வந்து காய்ந்து செத்தது. எங்களுக்கு அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் தினமும் போய்வர வேண்டியிருக்கிறது.

வார்டு_அக்கா | நவம்பர் 25, காலை 6:20

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், சுருக்கமாக. வேலூரில் 19 வருடமாக நர்ஸ். அந்தமானிலிருந்து வருகிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

கடித்த இடத்தைச் சொறியாதே. சொறிந்த புண்தான் சீழ் பிடிக்கும், அந்த ஈரக் காற்றில் சீக்கிரம் ஆறாது. நகத்தை ஒட்ட வெட்டு. மழை நின்ற பிறகு சேற்றில் வெறுங்காலோடு நடக்காதே, காலில் புண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தீவுகளில் பழைய வியாதி, அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று ஒருகாலத்தில் பெயர் தெரியாமல் சொன்னதே இதைத்தான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதே, துடைத்துக் காற்றாட விடு. சாப்பிடுகிறாயா இல்லையா, அதை எழுதவில்லையே?

முள்ளுக்கத்தரி | நவம்பர் 25, இரவு 6:55

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. சிப்பிகாட்டை ஏரி என்றுதான் நினைத்தேன், இன்றைக்கு பஸ்ஸில் போகும்போது வேறு மாதிரி பார்த்தேன்.

சாப்பாடு: காலையில் ரொட்டி, மதியம் கட்டிக்கொண்டு போவது, ராத்திரி சோறும் மீனும். ஏரி மீன் தவிர வேறு சாப்பிட்டுப் பழக்கமில்லை, ஆனால் சுர்மை என்று போட்டார்கள், நம் வஞ்சிரம்தான், அது நன்றாகவே இருக்கிறது. காய்கறிதான் கொடுமை. பாதி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவதால் வாடி வதங்கி, விலை குடியாத்தம் சந்தையைப் போல இரண்டு மடங்கு.

முதல் மாதச் சம்பளத்தில் சாப்பாட்டுக்கென்று 3,000 பிடித்துவிட்டார்கள். பேச்சு அப்படி இல்லை. கேட்டால் எல்லாருக்கும் அப்படித்தான் என்கிறார் கான்ட்ராக்டரின் ஆள்.

பாலாறு_வறண்டது | நவம்பர் 25, இரவு 7:30

இதுதான் கதை. எல்லாரும் எண்ணெய் பூசு, செருப்பு போடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பேசிய சம்பளத்தில் கை வைக்கிறவன் நாளைக்கு எதிலும் கை வைப்பான். எங்கள் பேர்ணாம்பட்டில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடா போய் இதே பாட்டைப் பாடிவிட்டு வந்தவர்கள்தான். நல்ல காற்று நல்ல கடல் என்று ஏமாறாதே. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கிளம்பி வா, இங்கே ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை கிடைக்காமலா போகும்?

ஜவ்வாது_காத்து | நவம்பர் 25, இரவு 9:48

பாலாறு சொல்வதில் பாதி நியாயம். நான் அமிர்தியில் வனத்துறைப் பூங்காவில் இரண்டு சீசன் தற்காலிகமாக வேலை பார்த்தவன். அருவியில் தண்ணீர் விழுகிற மாதங்களில் கூட்டம், அப்புறம் குரங்கும் நானும்தான். சீசன் வேலையில் காசு விஷயம் இரண்டு. ஒன்று, தினமும் வருகைப் பதிவில் உன் பெயருக்கு நேரே இருப்பதை போனில் படம் எடுத்து வை, யாரிடமும் சொல்லாமல். இரண்டு, பிடித்தம் என்ன ஏது என்று வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதிக் கேள். வாயால் கேட்டால் வாயால் பதில், எழுதிக் கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். அங்கே டி.ஆர்.எம். என்று நேரடியாக நிர்வாகத்தில் தினக்கூலிக்கு இருப்பவர்கள் உண்டு. அவர்களில் வயதான ஒருத்தரைப் பிடித்துக்கொள், எந்தப் பிடித்தம் நியாயம் எது கொள்ளை என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் தம்பி, நான் எழுத வந்தது வேறு. நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பகலைப் பற்றி ஒரு குறையும் இல்லை, நீயே சொல்லிவிட்டாய். ஈ, ஷூ, ஈரச் சட்டை எல்லாம் சும்மா பட்டியல். உன் பிரச்சினை ஐந்து மணி. இங்கே எழுதுகிற நேரத்தைப் பார், 7:40, 6:55. அமிர்தியில் எனக்கும் அதே கதைதான், கடைசி பஸ் போனபின் மலை திடீரென்று பெரிசாகிவிடும். பகல் முழுக்க நூறு பேரோடு கத்திவிட்டு, சட்டென்று ஒருத்தரும் இல்லாமல் போவதை உடம்பு தாங்காது. போன் அதற்கு மருந்தில்லை, போன் பார்த்தால் ஊர் ஞாபகம்தான் வரும். கைக்கு வேலை வேண்டும். நான் மூங்கிலில் கூடை முடையக் கற்றேன், ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை, ஆனால் சீசன் ஓடிவிட்டது.

கணக்கு_வாத்தி | நவம்பர் 26, காலை 5:50

ஐந்து மணி இருட்டுக்குக் காரணம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், பழக்க தோஷம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. வேலூர் 79.1, போர்ட் பிளேர் 92.7. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 54 நிமிடம். கடிகாரம் ஒன்றுதான், சூரியன் உனக்கு முக்கால் மணிக்கு மேல் முந்திக்கொள்கிறான். அதனால் நீயும் ஒரு மணி நேரம் முந்திக்கொள். நாலரைக்கு எழுந்தால் எட்டரைக்குத் தூக்கம் வரும், இருட்டில் பாதி கழிந்துவிடும். ஊர்க் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு தீவுச் சூரியனோடு சண்டை போடாதே.

முள்ளுக்கத்தரி | டிசம்பர் 14, இரவு 8:30

கப்பலுக்கு டிக்கெட் போடவில்லை. இன்னும் முடிவு பண்ணவும் இல்லை.

ஜவ்வாது அண்ணா சொன்னதைப் படித்து முதலில் கோபம் வந்தது, அப்புறம் உண்மைதான் என்று தோன்றியது. எழுதிக் கேட்டேன், 3,000இல் 1,800 திரும்பி வந்தது, மீதி அரிசிக்காம். டி.ஆர்.எம். பெரியவர் ஒருத்தர், ராஞ்சிக்காரர், அதோடு விடு என்றார். விட்டுவிட்டேன்.

நடுவில் காற்றழுத்தம் என்று நாலு நாள் படகு இல்லை. அந்த நாலு நாள் நரகம்.

ஒரு கூத்து சொல்கிறேன். போன ஞாயிறு ஒரு குடும்பம், பாட்டி, பேரன், எல்லாருமாக எட்டுப் பேர். பையைத் திறந்தால் பதினோரு சிப்ஸ் பாக்கெட். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையை வைத்து அந்தர் நஹீ, பிளாஸ்டிக் நஹீ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டி மகனைப் பார்த்து, "இன்னாடா சொல்றான் இவன், ஒரு சிப்ஸுக்கு இம்மாம் பேச்சா, துன்னுட்டுக் கவரை மடியில வச்சிக்கினு வந்துட மாட்டமா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாட்டி, எந்த ஊரு?" என்றேன். பள்ளிகொண்டா! அப்புறம் என்ன, எல்லாச் சிப்ஸையும் ஜெட்டியிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, கவரை என்னிடம் கொடுத்துவிட்டு, டெபாசிட் கட்டி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். எனக்கும் இரண்டு கை சிப்ஸ்.

திரும்பும்போது அந்தப் பேரன் கால்சட்டைப் பையில் ஒரு துண்டு வெள்ளைப் பவளம். செத்த பவளம்தானே, எடுத்தால் என்ன என்று அப்பா கேட்டார். கல் பவளம் முழுக்க வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை, விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்து பிடுங்கிவிடுவார்கள் என்றேன். பையனிடம் வேறு மாதிரி சொன்னேன். இந்த மணலில் பாதி கிளிமீன் பவளத்தைக் கடித்து மென்று கழித்தது, நீ நிற்கிறது மீன் கக்கூஸ் என்று. அவன் சிரித்துத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டான். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளருமாம். 2010 கோடையில் கடல் சூடாகி எக்கச்சக்கமாக வெளிறிப் போனதைப் பார்த்த படகுக்காரர்கள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஒரு வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்வது போல.

அப்புறம் அம்மா தபாலில் முள்ளுக்கத்தரி விதை அனுப்பியிருக்கிறார். காய்கறி விலையைச் சொல்லிப் புலம்பியதன் பலன். எங்கள் சித்தி வீடு இலவம்பாடி பக்கம், புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்தரிதான். ரூமுக்குப் பின்னால் இரண்டு அடி அகலத்தில் பாத்தி போட்டேன். ஒரு வாரத்தில் முளைத்தது. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, தண்டு மட்டும் ஊசி ஊசியாக நிற்கிறது. யார் வேலை என்று தெரியவில்லை.

டுங்கி_பேரன் | டிசம்பர் 14, இரவு 9:05

நத்தை. ஆப்பிரிக்கப் பெரு நத்தை. ஜப்பான்காரன் இருந்த காலத்தில் வந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பகலில் கண்ணில் படாது. இருட்டியதும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார், உள்ளங்கை அகலத்துக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். உப்பைக் கொட்டாதே, உன் மண்தான் கெடும். வாளியில் கடல் தண்ணீர் வைத்துக்கொண்டு பொறுக்கிப் போடு.

வார்டு_அக்கா | டிசம்பர் 14, இரவு 9:40

வெறுங்கையால் தொடாதே! நத்தையில் இருக்கிற ஒரு புழு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். கையில் பிளாஸ்டிக் உறை, முடிந்ததும் சோப்பு. அந்தப் பாத்தியில் விளைந்த எதையும் பச்சையாகத் தின்னாதே, வேகவைத்துத்தான்.

பாலாறு_வறண்டது | டிசம்பர் 15, காலை 10:10

சம்பளப் பேச்சு போய் நத்தைப் பேச்சு வந்துவிட்டது. சரி, நானும் கேட்கிறேன். தேசியப் பூங்காவில் வெளியூர் விதையைக் கொண்டுபோய்ப் போடலாமா? அந்த நத்தையும் இப்படித்தானே ஒருத்தன் கொண்டுவந்து விட்டது?

முள்ளுக்கத்தரி | டிசம்பர் 15, இரவு 6:30

அண்ணா, நல்ல கேள்வி, நானும் பெரியவரைக் கேட்டேன். பாத்தி பூங்காவுக்குள் இல்லை, குடியிருப்பில். கத்தரி இங்கே எல்லா வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது, அது காட்டில் போய்ப் பரவுகிற ஜாதி இல்லை. தீவுக்குள் ஒரு பழக்கொட்டையைக்கூடத் துப்ப விட மாட்டோம், அது எங்கள் வேலை. ஜாலி பாயில் ஆளே தங்குவதில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை, நாங்களும் மதியத்தோடு வந்துவிடுவோம்.

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். 41 நத்தை.

கோட்டை_அகழி | டிசம்பர் 15, இரவு 6:41

எண்ணினாயா! குணமாகிறது.

முள்ளுக்கத்தரி | ஜனவரி 19, இரவு 7:15

பொங்கல் வாழ்த்து, தாமதமாக.

இப்போது ஐந்து மணியானால் எனக்கு வேலை இருக்கிறது. அந்த ராஞ்சிப் பெரியவர் வீட்டம்மாவுக்கும் பக்கத்திலேயே தோட்டம், அவரும் டார்ச்சோடு வருவார். அவர் பேசுவது சாத்ரி, நான் பேசுவது குடியாத்தம் தமிழ், நடுவில் நத்தை. எண்ணிக்கை மட்டும் இந்தியில் சொல்லிக்கொள்வோம், அதில் எனக்கு நூறு வரை இந்தி வந்துவிட்டது. மறுவிதை போட்ட 14 நாற்றில் 9 பிழைத்திருக்கிறது. ரூம்காரர் சாம்பல் கொண்டுவந்து சுற்றிப் போட்டார், மழை வந்தால் கரைந்துவிடுகிறது, திரும்பப் போடுவார். அவர் ஊரில் அவருக்கும் கத்தரிதானாம் உயிர். இத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்தும் அது தெரியாது.

நீச்சல் விஷயம். படகுக்காரப் பையன் ஒருவன், லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறக்கி, முகத்தை மட்டும் உள்ளே வை, கையை காலை ஆட்டாதே என்றான். கிணற்றில் முங்கினால் பச்சை இருட்டு, இங்கே முகத்தை வைத்ததும் கீழே ஒரு தெருவே இருக்கிறது. பிடிக்கச் சுவர் தேடுகிற பழக்கம் அன்றைக்குக் கொஞ்சம் விட்டது. உப்புத் தண்ணீர் தானாகவே தூக்குகிறது, கிணற்றுத் தண்ணீரைவிட அதிகம். இதை ஏன் ஒருத்தரும் முன்னாடி சொல்லவில்லை?

ஒடுகத்தூர்_புதுசு | பிப்ரவரி 3, மதியம் 1:20

அண்ணா, முழுக்கப் படித்தேன். எனக்கும் அடுத்த சீசனுக்கு வரலாமா என்று யோசனை. என்ன எடுத்து வர வேண்டும், கப்பலா விமானமா, போன் கிடைக்குமா?

முள்ளுக்கத்தரி | பிப்ரவரி 3, இரவு 7:05

வா தம்பி, ஆனால் பேச்சை எழுதி வாங்கிக்கொண்டு வா. பேசிய சம்பளம், பிடித்தம், சாப்பாடு, திரும்பும் டிக்கெட் யார் செலவு, இது நாலும் எழுத்தில். சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், முன்கூட்டிப் போட்டால் கட்டுப்படியாகும். கப்பல் மலிவு, மூன்று நாள், தேதி நிச்சயமில்லை, துறைமுகத்தில் போய்க் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டும் அனுபவிக்க வேண்டுமென்றால் வரும்போது விமானம், போகும்போது கப்பல். நான் தலைகீழாகச் செய்தேன்.

துணி குறைவாக, சீக்கிரம் காய்கிற துணியாக. ஜீன்ஸ் வேண்டாம். லுங்கி நாலு, நம் குடியாத்தம் லுங்கி இங்கே நல்ல மரியாதை. நல்ல டார்ச். மிளகாய்த்தூள் அம்மா கையால் அரைத்தது. காய்ச்சல் மாத்திரை. தோல் பொருள் எதுவும் வேண்டாம், பெல்ட்கூட. போனுக்கு டுங்கி அண்ணா பதில் சொல்லட்டும்.

டுங்கி_பேரன் | பிப்ரவரி 3, இரவு 8:50

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்தபின் டவுனில் நெட் குறையில்லை. அதற்கு முன் எல்லாம் சாட்டிலைட், அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தால் அப்போதுதான் போயிருக்கும். வண்டூரில் மரத்துக்கு மரம் சிக்னல் மாறும். கரண்ட் பெரும்பாலும் டீசலில் ஓடுவது, போகும் வரும். பவர் பேங்க் வைத்துக்கொள்.

முள்ளுக்கத்தரி | மார்ச் 16, இரவு 9:30

காய்த்துவிட்டது. முதல் பறிப்பில் ஒன்றரைக் கிலோ, முள்ளோடு, ஊதாவும் வெள்ளை வரியுமாக. மண் வேறு, காற்று வேறு, ருசி கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, ஆனால் விதை குறைவு, சதை அதே சதை. திங்கட்கிழமை பிரியாணி போட்டேன். சீரகச் சம்பா கிடைக்கவில்லை, இருக்கிற அரிசியில் போட்டேன், ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்கவும். கூட கத்தரிக்காய்த் தொக்கு. ராஞ்சி அம்மா, பெரியவர், ரூம்காரர், படகுக்காரப் பையன்கள், மொத்தம் பதினாலு பேர். கான்ட்ராக்டரின் ஆளும் வாசனை பிடித்து வந்துவிட்டார். அவருக்குப் போட்ட தட்டில் சாப்பாட்டுப் பிடித்தம் எவ்வளவு என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இந்த மாதம் பிடிக்கவில்லை.

பாலாறு_வறண்டது | மார்ச் 16, இரவு 10:02

பிரியாணி போட்டு பிடித்தத்தை நிறுத்தியவன் நீதான். ஆனாலும் சொல்கிறேன், அடுத்த மாதம் திரும்பப் பிடித்தால் பிரியாணி போடாதே, எழுதிக் கேள்.

முள்ளுக்கத்தரி | மே 11, மாலை 5:45

இன்னும் சில நாளில் ஜாலி பாய் மூடுகிறார்கள். இனி மழைக்காலம் முழுக்க ரெட் ஸ்கின் தீவு, அதற்கு வேறு ஆட்கள். ஒரு தீவு திறந்தால் மற்றது மூடி இருக்கும், பவளத்துக்கு ஓய்வு. தென்மேற்கு மழை வாசலில் நிற்கிறது. இங்கே வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் பெய்யுமாம், நம் ஊரில் ஆயிரம் வந்தாலே பாலாற்றில் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்ப்போம்.

ஏப்ரல் சம்பளத்திலும் எதுவும் பிடிக்கவில்லை. பாலாறு அண்ணாவுக்காக எழுதுகிறேன்.

விமான டிக்கெட் போட்டுவிட்டேன். அக்டோபர் கடைசியில் திரும்பி வருவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை கான்ட்ராக்டர் எழுத்தில் கொடுத்திருக்கிறார், சம்பளம் 18,000. வருகிறேனா என்பது அங்கே வந்து ஒரு மாதம் இருந்து பார்த்தால்தான் தெரியும். கத்தரிச் செடி ராஞ்சி அம்மாவுக்கு. இரண்டு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்துக் கடுதாசியில் மடித்து வைத்திருக்கிறார், எனக்குப் பாதி, அவருக்குப் பாதி. நேற்று ஆறு நத்தைதான். ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

ஊரில் இப்போது ஆறரை மணிக்கும் வெளிச்சம் இருக்குமே, அது வரைக்கும் என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

அம்மா ஒரு சங்கு கொண்டுவா, பூஜைக்கு வைக்கலாம் என்றார். ஆறு மாதம் மற்றவன் பையிலிருந்து பிடுங்கியவன் நான், எப்படிக் கொண்டுவருவது? கருவாடு கொண்டுவருகிறேன் என்றேன். பூஜைக்கா என்றார்.

கோட்டை_அகழி | மே 11, மாலை 5:58

எனக்கும் அரைக் கிலோ. காட்பாடிக்கு எந்த வண்டி என்று எழுது, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கிறேன்.